நடுவயலில் விட்ட புல்

விதை விற்கும்போதே போன விளைச்சலையும் விசாரித்துவிடும் விழாத் தலைவர், விதைக்கடைப் பெரியவர் அவர்களே, மாட்டுக்கு ஊசி போட வந்து, அதைப் பிடித்திருக்கும் மனிதரையும் சேர்த்து அதட்டி அடக்கும் கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே, மூட்டுவலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பால் கறந்து, பாத்திரம் கழுவி, பட்டியைப் பூட்டிவிட்டுப் பறந்து வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது நழுவலாம் என்று கதவோரம் காத்திருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மாட்டுக்காரியின் மாலை வணக்கம்.

அறுவடைக் காலத்தில் நிலத்தையும் கால்நடையையும் காட்டுயிரையும் எப்படிப் பேணுவது என்று பேசச் சொன்னார் தலைவர். தலைப்பு பெரிது, நான் சொல்ல வந்தது சிறிது. தீவனப்புல்லை வயலின் நடுவிலிருந்து அறுக்கத் தொடங்குங்கள். சுற்றிச் சுற்றி வெளியே வந்து வேலியோரம் முடியுங்கள். அவ்வளவுதான்.

கதவோரம் ஒரு தம்பி செருப்பை மாட்டுகிறார். கழற்றுங்கள் தம்பி, காரணத்தை இன்னும் சொல்லவில்லை.

நாம் எப்படி அறுக்கிறோம்? வேலியோரம் தொடங்கி, வட்டம் வட்டமாய் உள்ளே போகிறோம். நமக்கு அது வசதி. புல்லுக்குள் குடியிருக்கும் முயலுக்கு? குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் காடைக்கு? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுங்கி, ஒதுங்கி, ஒடுங்கி, கடைசியில் ஒரு பாய் விரிக்கும் அளவுப் புல்லில் வந்து பதுங்குகின்றன. அறுத்துப் போட்ட வெட்டவெளியில் ஓட அவற்றுக்குத் துணிவு வருமா? வராது. கடைசிச் சுற்றில் கத்தி வரும். நடுவிலிருந்து தொடங்கினாலோ, அவை நமக்கு முன்னால் வெளியே நகர்ந்து வேலிப் புதருக்குள் போய்விடும். நடுவுக்குப் போகும் தடத்தில் கொஞ்சம் புல் மிதிபடும், உண்மைதான். மிதிபட்டதையும் மாடு தின்னும். என் முந்தானையையே தின்ற மாடு என் வீட்டில் இருக்கிறது.

இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர் என் கொழுந்தனார். வீட்டில் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். சோற்றில் குழம்பு விழுவதற்குள் கையைக் கழுவி எழுந்துவிடுவார். எங்கள் அறுப்பு இயந்திரத்தை ஓட்டுபவர் அவர்தான்.

அவர் மனைவி, என் ஓரகத்தி, ஒரு கிடாரியை வளர்த்தாள். தாயில்லாமல் நின்ற அதற்குப் பாட்டிலில் பால் கொடுத்து, சளி பிடித்தால் சாக்குப் போர்த்தி, பேசிப் பேசி வளர்த்தாள். சினை நிற்கவில்லை, விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அந்த மாடு சினை பிடித்தது. சென்ற ஆண்டு அறுப்பு நாளன்று காலையில் பார்த்தால், இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாடு கொட்டகை வாசலில் தானாக வந்து நிற்கிறது. வயிறு வற்றியிருக்கிறது. மடி கனத்திருக்கிறது. கன்றைக் காணவில்லை.

தேடாத இடமில்லை தாய்மார்களே. ஓடைக்கரையில் தேடினோம், மேட்டுச் சரிவில் தேடினோம். மாடு அந்தச் சரிவையே பார்த்து நின்றதால் நாங்களும் அதையே சுற்றினோம். தீவன வயல் பக்கம் யாரும் போகவில்லை, அதன் வேலிக்கதவு சாத்தியிருந்தது. நரி இழுத்திருக்கும் என்றார் என் கணவர். என் ஓரகத்தி அழவில்லை. தொட்டியைக் கழுவினாள், கழுவிய தொட்டியையே மறுபடி கழுவினாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வானம் கறுத்துவிட்டது. நனைந்தால் புல் அழுகிவிடும். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கொழுந்தனார் இயந்திரத்தில் ஏறினார். வேலியோரம் தொடங்கினார், விறுவிறுவென்று உள்ளே போனார். நான் பின்னால் வாரிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு திட்டு மீந்தபோது பார்க்கிறேன், ஒரு காடை குஞ்சுகளோடு அதற்குள் ஓடுகிறது. குடையை விரித்துக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணி, தள்ளுங்க. மழை வந்துருச்சு.”

“குஞ்சு இருக்கு. அதுங்க போகட்டும்.”

“நாளைக்கு மாடு கேட்டா காடையைக் காட்டுவீங்களா?”

“இந்தக் கொஞ்சம் புல்லுல யாரு குடி முழுகிப் போகுது?”

அவர் இயந்திரத்தை அணைத்தார். “வீட்ல அவ இருக்கற நெலமையில, உங்களுக்குக் காடைதான் பெருசாப் போச்சா?”

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் நான் நகரவில்லை அவையோரே. அருள் என்று நினைக்காதீர்கள், பாதி வீம்பு. நான் நிற்க, அவர் முறைக்க, மழைதான் எங்களுக்குப் பஞ்சாயத்துப் பண்ணியது. அறுத்ததை அள்ளிக்கொண்டு ஓடினோம்.

மழை விட்டதும் என் ஓரகத்தி மாட்டை அவிழ்த்தாள். அது சரிவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய், வேலி சாய்ந்திருந்த ஓர் இடத்தில் உடம்பை நுழைத்து, அறுத்த வயலைக் கடந்து, நான் குடை பிடித்த திட்டுக்கு நேராகப் போய் ஒருமுறை கத்தியது. புல் அசைந்தது. காடைகள் சிதறின. அவற்றின் நடுவிலிருந்து நனைந்த காதோடு எழுந்து நின்றது கன்று.

ஆமாம் அம்மா, கை தட்டுங்கள், நானும் அன்று தட்டினேன். பசு தன் கன்றை ஒளித்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து நிற்கும் என்று மருத்துவர் அம்மையார் பிறகு சொன்னார். புதிதாய்ப் பிறந்த கன்று ஓடாது, கத்தி வந்தாலும் அசையாமல் படுத்திருக்கும். என் ஓரகத்தி அதைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். கொழுந்தனார் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்பார்ந்தவர்களே, காட்டுக்கு விட்டோம் என்று நினைத்த இடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை படுத்திருந்தது. எது காடு? எது வீடு? எது அதனுடையது? எது நம்முடையது? புல்லுக்குள் பார்க்காமல் யார் சொல்ல முடியும்? நடுவில் தொடங்குங்கள். ஓடையோரப் புல்லைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவையுங்கள். கன்று ஈனும் பருவத்தில் இயந்திரத்துக்கு முன்னால் உங்கள் கால் போகட்டும். உங்கள் கண் போகட்டும். அதன்பிறகு கத்தி போகட்டும்.

இன்று காலை எங்கள் வயலில் அறுப்பு தொடங்கியது. கொட்டகையில் மாடுகள் எல்லாம் எண்ணிக்கை சரியாக இருந்தன, எதுவும் காணாமல் போகவில்லை. கொழுந்தனார் நேராக நடுவுக்கு ஓட்டிப் போனார். இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். இரண்டு கையாலும் புல்லை விலக்கி விலக்கி நடந்தார்.

“என்ன தேடறீங்க?” என்று கேட்டேன்.

“தெரியல அண்ணி,” என்றார். “தெரியாததாலதான் தேடறேன்.”

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், செருப்பைக் கழற்றிய தம்பிக்கும் நன்றி. உங்கள் பட்டி பெருகட்டும், வைக்கோல் போர் உயரட்டும், வணக்கம்.