சித்திரையில் ஒரு கம்பளி

சந்தவாசலில் வேலூர் பஸ்ஸுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயில். எனக்கு அடுத்தாற்போல் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் மடியில் புதுக் கம்பளியோடு இருந்தார். பார்க்கவே எனக்கு வியர்த்தது. புளி மூட்டையோடு வந்திருந்த மலைக்காரர் கேட்டேவிட்டார்.

"இன்னா பாய், இந்த வெயில்ல கம்பளி?"

"பையனுக்கு, கவுண்டரே. ஆஸ்திரேலியாவுல படிக்கிறான். இது கப்பல்ல போய்ச் சேர்றப்ப அங்க குளிர்காலமாம். தெரியாம போன மார்கழில ஒண்ணு அனுப்பிட்டேன். அங்க அப்போ வெயில் கொளுத்துமாம்."

"பெரிய ஊரா?"

"ஒரே நாடு, அதுவே ஒரு கண்டமாம். நடுவுல வெறும் மணலு. சனமெல்லாம் ஓரத்துலதான் இருக்குது."

"எங்க மலையில வழி தப்பிட்டா, எந்தப் பக்கம் எறங்கினாலும் ஒரு ஊரு வந்துடும்."

"அங்க எந்தப் பக்கம் போனாலும் கடல்தாங்க."

மலைக்காரர் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார்.

"பையன் எல்லாத்தையும் வெவரமா எழுதறான் போல."

பஸ் வந்து நின்றது. பாய் உடனே எழுந்திருக்கவில்லை.

"அவன் எங்க எழுதறான்? பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்."