ஆட்டுக்குட்டியின் ஸ்வெட்டர்

பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் பச்சை நூலில் கொக்கி ஊசியால் குரோஷா போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆட்டுக்குட்டிக்கா ஸ்வெட்டர் போட்ட?” என்றாள் மூத்தவள்.

“ஆமாக்கா. மழையில பொறந்து நடுங்கிக்கினு இருந்துச்சி. தாயாடு கிட்டயே சேக்கல. ரெண்டு ஊசியில ஸ்வெட்டர் பின்னிப் போட்டேன். எனக்குக் குரோஷாவும் உசிராச்சே! அழகுக்குக் குரோஷாவுல ஒரு பச்சை இலை போட்டு முதுகுல தெச்சேன்.”

“அப்புறம் இன்னா ஆச்சி?”

“நெஜ இலைன்னு தாயாடு கடிக்க வந்துச்சி. அந்த நேரம் பாத்து குட்டி மடியைப் புடிச்சிக்கிச்சி. அப்புறம் வுடவேயில்ல!”

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள்.

“இப்ப இன்னா போட்டுக்கினு கீற?”

“இலைதான்க்கா. தாயாடு தெனம் ஒண்ணைப் பிச்சிடுது.”