கல்யாணத்தன்று காலையில் ஹெப்சிபா சபையின் பூப்பாத்தி மூடாக்கை நான் அள்ளிய விபரம்

லவோனியா கிரையர், வயது 57, க/பெ. ஹோசியா கிரையர், 2260, ஓல்டு டிப்போ ரோடு, டன்மோர், ஜார்ஜியா. தொழில், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். 2019ஆம் வருடம் ஏப்ரல் 8ஆம் தேதி திங்கட்கிழமை, காலைச் சவாரி முடிந்து 10.30 மணிக்கு ஷெரீப் அலுவலகத்தில், டெப்டி கிளேட்டன் ஃபோர்ட்னர் கேட்க நான் சொன்னது. டெப்டியை ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினோரு வருடம் என் பஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அது இந்த விசாரணையைப் பாதிக்காது என்று அவர் சொல்கிறார்.

நான் மேற்படி முகவரியில் முப்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். என் கணவர் ஹோசியா, எங்கள் நிலத்திலுள்ள பைன் மரங்களின் அடியில் உதிரும் நீள ஊசிச் சருகை வாரி, பெட்டியில் அழுத்திக் கட்டுக்கட்டாகக் கட்டி, தோட்டங்களுக்குக் கொடுத்து வருகிறார். நாங்கள் இருவரும் மவுண்ட் ஹெப்சிபா பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். சபைக் கட்டடத்தின் இரு பக்கமும் பூப்பாத்திகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள அசேலியாச் செடிகளை வைத்து வளர்த்தவர், மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன சிஸ்டர் எர்னஸ்டீன் டார்ப்லி. அவருடைய கணவர் பிரதர் ரூஸ்வெல்ட் டார்ப்லி, வயது 66, ஓய்வுபெற்ற தபால்காரர், சபையின் தோட்டக் கமிட்டித் தலைவர். அவர்தான் என்மீது புகார் கொடுத்தவர். அவர் மகள் ரெனீட்டாவின் கல்யாணம் ஏப்ரல் 6ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, தன் தாயார் வைத்த செடிகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும் என்று அந்தப் பெண் விரும்பியதால், சபையின் புல்வெளியில் வைக்கப்பட்டிருந்தது.

மார்ச் 5ஆம் தேதி தோட்டக் கமிட்டி கூடி, கல்யாணத்துக்குப் பாத்திகளில் செடியடி மண்ணை மூட என்ன மூடாக்குப் போடுவது என்று பேசியது. நானும் அப்போது கமிட்டியில் இருந்தேன். பிரதர் ரூஸ்வெல்ட் கறுப்புச் சாயம் ஏற்றிய மரச்சீவலைப் போட வேண்டும் என்றார். அசேலியாவுக்குப் பைன் சருகுதான் தோது, காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்கும், மழைக்கு அடித்துப் போகாது என்று நான் சொன்னேன். "சருகு போட்டா பாம்பு வரும் சிஸ்டர்" என்றார். "நம்ம சபை கூட்டத்துக்கு மனுஷனே வர மாட்டேங்குறான், பாம்பா வரப்போகுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் சரக்கு விக்கணும், அதானே விஷயம்" என்றார். சருகைச் சபைக்குச் சும்மா தருவதாக நானும் ஹோசியாவும் முந்தைய வாரமே பேசி வைத்திருந்தோம், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டெடுப்பில் ஐந்துக்கு ஒன்று. அதன் பிறகு நான் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டேன்.

ஏப்ரல் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு லாரி மரச்சீவல் வந்து இறங்கியது என்றும், பொழுது சாய்வதற்குள் சபை ஆண்கள் அதைப் பாத்திகளில் பரப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை சுமார் 7.40 மணியளவில், கல்யாண விருந்துக்காக நான் செய்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சபை சமையலறைக் குளிர்பெட்டியில் வைப்பதற்காகக் காரில் போனேன். சபை வாசலில் கார்க் கதவைத் திறந்ததும் வினிகர் நாற்றம் அடித்தது. பின்சீட்டில் ஊறுகாய் ஜாடி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன், ஜாடி நின்றபடியே இருந்தது. அதன் பிறகு நாற்றத்தின் வழியே நடந்து பாத்திக்குப் போனேன். சீவலிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன், சுட்டது. செடிகளின் அடி இலைகள் ஓரத்தில் வெளுத்திருந்தன. சீவலைக் காற்றுப் புகாமல் மலைபோல் குவித்து வைத்திருந்தால் உள்ளுக்குள் புளித்துப்போகும் என்பதும், புளித்த சரக்கைச் செடியடியில் போட்டால் ஒரே நாளில் செடி கருகும் என்பதும் எனக்குத் தெரியும். எந்த லாரிக்காரர் என்று எனக்குத் தெரியாது, அவர்மேல் எனக்கு வழக்குமில்லை. மேலே பூக்கள் அப்போதும் அப்படியே இருந்தன.

உடனே பிரதர் ரூஸ்வெல்ட்டுக்குப் போன் செய்தேன். அவர் தன் அக்காவை அழைத்துவரச் சவானா விமான நிலையத்துக்குப் போயிருந்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத மனிதர். ஐந்து தடவை செய்தி வைத்தேன். அதன் பிறகு பாஸ்டருக்குப் போன் செய்தேன். "சிஸ்டர், தோட்டக் கமிட்டி விஷயத்துல மட்டும் நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு என் கணவருக்குப் போன் செய்தேன்.

"கட்டு எத்தனை இருக்கு?"

"தொண்ணூறு. ஏன்?"

"எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு சபைக்கு வாங்க."

"அது திங்கக்கிழமை ஒருத்தருக்குத் தரணும்."

"அவர் அடுத்த வாரம் வாங்கிக்கட்டும். எர்னஸ்டீன் செடி வேகுது."

"ஏத்தறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு சபைக் கொட்டகையிலிருந்த தள்ளுவண்டியையும் கவைக்கோலையும் எடுத்து, யாருடைய அனுமதியும் இல்லாமல், தெற்குப் பக்கத்துப் பாத்தியிலிருந்து சீவலை அள்ளி வண்டி நிறுத்தும் இடத்தின் கடைசி மூலையில் கொட்ட ஆரம்பித்தேன். 9 மணிக்குள் பதினோரு வண்டி கொட்டினேன். அள்ளி முடித்த இடத்தில் தண்ணீர்க் குழாய் வைத்து, இலைகளையும் அடிமண்ணையும் நன்றாகக் கழுவிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் காபிக் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குப் புதிது. நான் கை ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

9.10 மணிக்கு மணப்பெண் ரெனீட்டா, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, நாற்காலி வரிசையைப் பார்க்க வந்தாள். கல்யாண நாளில் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்து அடி இலையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அம்மா செடி செத்துருமா?"

"இப்பவே எடுத்துட்டா சாகாது. நாலு இலை உதிரும், அவ்வளவுதான்."

"இன்னொரு கவைக்கோல் இருக்கா?"

என் காரிலிருந்த மழை பூட்ஸை அவள் மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு போன் செய்து தோழிப்பெண்களை வரச் சொன்னாள். அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள், அதில் இருவர் முகத்தில் பூசிய களிம்போடு வந்தார்கள். மாப்பிள்ளை டெரன்ஸும் அவருடைய நண்பர்கள் ஏழு பேரும் தங்குமிடத்திலிருந்து வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பதால், பெண் பக்கம் தெற்குப் பாத்தியும் மாப்பிள்ளை பக்கம் வடக்குப் பாத்தியும் என்று பிரித்துக் கொடுத்தேன். கட்டடத்துக்கு அந்தப் பக்கமிருந்து டெரன்ஸ், "ரெனீட்டா, இந்தப் பக்கம் பாதி முடிஞ்சுது, அங்க என்ன தூங்குறீங்களா?" என்று கத்தினார். அவள், "கல்யாணம் வேணுமா வேண்டாமா உனக்கு? வாய மூடிட்டு அள்ளு" என்று திருப்பிக் கத்தினாள். இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதை எழுத வேண்டியதில்லை என்று டெப்டி சொல்கிறார்.

10.10 மணிக்கு என் கணவர் டிரெயிலரில் தொண்ணூறு கட்டுச் சருகோடு வந்தார். 10.35 மணிக்கு டெப்டி ஃபோர்ட்னர் வந்தார். சவானா ரோட்டில் பெட்ரோல் போட நின்ற பிரதர் ரூஸ்வெல்ட், தள்ளுவண்டியோடு ஒரு பெண் உங்கள் மூடாக்கைக் கடத்துகிறாள் என்று, சபைப் பலகையிலிருந்த எண்ணைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் அனுப்பிய செய்தியை மட்டும் பார்த்து, என் ஐந்து செய்திகளைக் கேட்காமல், ஷெரீப் அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தார் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"மிஸ் லவோனியா, நீங்கதானா அது?" என்றார் டெப்டி.

"நான்தான்பா. எடுத்தது நிஜம்."

"எங்க கொண்டு போனீங்க?"

நான் மூலையைக் காட்டினேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "சபை இடத்துக்குள்ளயே இருந்தா திருட்டுன்னு எப்படி எழுதறது?" என்றார். "அதுக்கு மேல தள்ளிட்டுப் போக மூச்சு முட்டுச்சு, இல்லேன்னா போயிருப்பேன்" என்றேன். புகார்தாரர் வரும்வரை என்னை விட்டு நகரக் கூடாது என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. நான் வேலையை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அவர் தொப்பியைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டு, என்னை விட்டு நகராமல் நாற்பது கட்டுகளை இறக்கி வைத்தார். இதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு 11.50 மணிக்குப் பிரதர் ரூஸ்வெல்ட் தன் அக்காவோடு வந்து இறங்கினார். தன் மகள் சேற்றில் முழங்காலிட்டிருப்பதையும், டிரெயிலரில் எங்கள் சருகையும், என்னையும் பார்த்தார்.

"கடைசியில ஜெயிச்சுட்டீங்க இல்ல சிஸ்டர்? என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கே."

எனக்குக் கோபம் வந்தது. கமிட்டியில் அவர் சொன்னதுபோல் ஒன்று திருப்பிச் சொல்ல நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் கையில் துணிப்பையில் கல்யாணத்துக்கு எடுத்த புதுக் கோட்டு தொங்கியது. ஆகவே, "வடக்கு மூலையில ஒரு வண்டி சீவல் இன்னும் எடுக்கல. கையை உள்ள விட்டுப் பாருங்க பிரதர்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போய்க் கையை மணிக்கட்டு வரை விட்டார். உடனே எடுத்தார். விரல்களை மோந்து பார்த்தார். பிறகு செடியின் அடியில் குனிந்து வெளுத்த இலைகளைப் பார்த்தார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"கறுப்பா இருந்தா அவ பூ பளிச்சுனு தெரியும்னு நெனச்சேன்" என்றார். "மோந்து பாக்கத் தோணல."

"சருகுமேலயும் தெரியும் பிரதர்" என்றேன்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் சொன்னது தப்பு."

என் கணவர் டிரெயிலர் மேலிருந்து, "தப்புதான். இந்தக் கட்டைப் பிடிங்க" என்று ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார். பிரதர் ரூஸ்வெல்ட் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவருடைய அக்கா முதலில் சிரித்தார், அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு நான் சொல்லச் சொல்ல எல்லோரும் செய்தார்கள். கட்டை அவிழ்த்துச் சருகை அப்படியே அடுக்காமல் கையால் உதறி, பஞ்சுபோலப் பரப்ப வேண்டும். நான்கு விரல்கடை கனம் போதும். தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது, ஒரு சாண் இடம் விட வேண்டும். பன்றி இறைச்சி வேகும் அடுப்பு பின்சுவரோரம் புகைந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் சருகே போடக் கூடாது என்று என் கணவர் அங்கே ஒரு கயிறு கட்டினார். பாத்தி ஓரத்தை மண்வெட்டியால் சீராக வெட்டி, சருகின் நுனியை உள்ளே மடக்கிச் செருகும் வேலையைப் பிரதர் ரூஸ்வெல்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் தபால் அடுக்கிய கை. அவர் செருகிய ஓரம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. இரண்டு தடவை நானே போய் நின்று பார்த்தேன்.

2.25 மணிக்கு வேலை முடிந்தது. எண்பத்திரண்டு கட்டுகள் ஆயின. எல்லோரும் குளிக்க ஓடினார்கள்.

கல்யாணம் 4 மணிக்குப் பதில் 4.20க்கு ஆரம்பித்தது, மணப்பெண்ணின் நகத்தில் ஏறியிருந்த சீவல் சாயம் சீக்கிரம் போகாததால் தாமதமாயிற்று. வெயில் இறங்கி, சருகு செம்பு நிறத்தில் கிடந்தது. உதிர்ந்த அசேலியா இதழ்கள் அதன்மேல் ஒன்றொன்றாகக் கிடந்தன. வினிகர் நாற்றம் போய்ப் பிசின் வாசனை வந்தது. ரெனீட்டா தகப்பனார் கையைப் பிடித்து நடந்து வந்தாள். அவள் முக்காட்டில் ஒரு பைன் ஊசி மாட்டியிருந்ததைப் பார்த்துத் தோழி எடுக்கக் கை நீட்டினாள், ரெனீட்டா தலையை நகர்த்திக்கொண்டாள். மோதிரம் மாற்றியதும் டெரன்ஸ் சிரிக்க ஆரம்பித்து, பாஸ்டர் மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி ஜெபம் சொல்ல வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு புல்வெளியில் ஆடினோம். எர்னஸ்டீன் இறந்ததிலிருந்து எந்த விசேஷத்திலும் ஆடாத பிரதர் ரூஸ்வெல்ட், முதலில் மகளோடும், பிறகு அக்காவோடும், பிறகு என்னோடும் ஆடினார். அவர் நன்றாக ஆடுவார். எதிர் வீட்டுக்காரரையும் நான் போய் அழைத்துவந்தேன், அவர் என் உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இன்று காலை பிரதர் ரூஸ்வெல்ட்டும் இந்த அலுவலகத்துக்கு வந்து, புகாரைத் திரும்பப் பெறும் படிவத்தை என் முன்னிலையில் நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. அந்த ஒரு வரியை அவர் விரலால் அளந்து பார்த்தார். பிறகு, "என் மகள் கல்யாணம் நன்றாக நடந்தது" என்று எழுதினார். டெப்டி படித்துப் பார்த்துவிட்டு, "சார், சட்டப்படி இது ஒரு காரணமே இல்லையே" என்றார்.

"எனக்கு வேற காரணம் தெரியலப்பா" என்றார் பிரதர் ரூஸ்வெல்ட்.

டெப்டி முத்திரை குத்தினார்.

மேலே கண்டவை அனைத்தும் நானே கண்டு, செய்து, சொன்னவை. எழுதியதை டெப்டி எனக்குப் படித்துக் காட்டினார், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மனநிறைவோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லவோனியா கிரையர்