ஒரு நூல் விலகல்

இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்த பைக்கை ஓட்டுவது எளிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு சக்கர வண்டி நம்மோடு சாயும். இது சாயாது. ஹேண்டிலைக் கையால் திருப்பித்தான் வளைவில் போக வேண்டும்.

அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிப் போனவள். பள்ளிக்கூடத்துக்கு, கல்லூரிக்கு, பிறகு வேலை பார்த்த அச்சகத்துக்கு என்று என் பைக்கின் பின்னால்தான் அவளுக்கு ஊர் உலகமே. "இப்படி ஒரு தம்பி யாருக்குடா கிடைப்பான்" என்று வழியில் பார்ப்பவர்கள் சொல்வார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவளே ஒரு பழைய பைக்கும், அதன் இரண்டு பக்கமும் மாட்டுகிற சைடு வீல் கிட்டும் வாங்கி வந்தாள். "மாட்டிக் குடுடா. நீ எத்தனை நாளைக்குத்தான் எனக்காக அலைவே?" என்றாள். நான் அலைகிறேன் என்று யார் சொன்னது?

மாட்டிக் கொடுத்தேன். மெக்கானிக் அல்லவா, ஒழுங்காகவே மாட்டினேன். கால் பிரேக்கைக் கைக்கு மாற்றினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், அவளுக்கு. கிரீஸ் கையோடு ஓரமாக நின்றவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் இடது சக்கரத்தை நேர்கோட்டிலிருந்து ஒரு நூல் விலக்கி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. வண்டி மட்டும் ஒரு பக்கமாக இழுக்கும்.

"டேய், லெஃப்ட்ல இழுக்குதுடா."

காற்றைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், நட்டுகளை இறுக்கினேன். சக்கரத்தை மட்டும் தொடவில்லை. "வண்டியில ஒண்ணுமில்லக்கா. உன் கைதான் இன்னும் பழகல" என்றேன். நம்பினாள். ராத்திரியில் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். எப்படியும் மறுபடி என் பின்னால் வந்து உட்காருவாள் என்று பொறுமையாக இருந்தேன். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இழுப்புக்கே கையைப் பழக்கிவிட்டாள்.

அச்சகத்து மெஷின்காரர்தான் டயரைப் பார்த்திருக்கிறார். அன்று மாலை அக்கா நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"டயரு ஒரு ஓரமாவே தேஞ்சிருக்காம். சக்கரம் கோணலா இருக்குன்னாரு. இது உனக்குத் தெரியாமலா போச்சு?"

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தேன். அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, விடு. இப்ப நேராக்கிக் குடு. வேற ஊர்க் கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தேன், கிடைச்சிருச்சு. அங்க ரூம் பார்த்தாச்சு. நானே ஓட்டிட்டுப் போறேன்."

ரூம் பார்த்தாச்சு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேராக்கிக் கொடுத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்த வண்டியையும் சரிசெய்ததில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரி போகுதுடா" என்று என் தலையைக் கலைத்தாள். இடது சக்கரத்தைக் கழலாமல் பிடித்து வைக்கிற லாக் நட்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. மற்ற நட்டை விரலால் திருகி மட்டும் விட்டிருந்தேன். பாலத்து இறக்கத்தில், வளைவில், சக்கரம் கழன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லாரி எதிரே வந்தது மட்டும் என் கணக்கில் இல்லாதது.

இனி இரண்டு காலும் வராது, முதுகும் நிமிராது என்று டாக்டர் சொல்கிறார். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்வேன். என்னை உள்ளே விடவேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னாளாம். வலியில் ஏதோ உளறியிருப்பாள்.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் நான் கிளம்பலாமா, ஐயா? சாப்பாட்டு நேரம். நான் ஊட்டாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.