ஸ்கேன் படங்களை நான் அழிக்கவில்லை

மேலே குறித்த பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்தொன்று. கணவர், மாமனாருடன் வசிக்கிறேன். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருடம் கணினிப் பொறுப்பாளராக இருந்து, சென்ற மாதம் நானாக விலகினேன். விலகும்போது கடவுச்சொற்களை உரிமையாளரான டாக்டரின் மச்சானிடம் ஒப்படைத்தேன். இப்போது கணினிகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இன்று காலை காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்களை நான் அழித்துவிட்டதாக டாக்டர் புகார் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி அழைத்தார். மாமனாரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

அதன் பிறகு நிலையத்தில் இன்ஸ்பெக்டர், "ஏதாவது கோவத்துல அழிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார், "பழைய பேப்பரையே எடைக்குப் போட விடமாட்டா சார். இவளா அழிப்பா?" என்றார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு பெண்ணுக்கு நாளை மூளையில் அறுவை சிகிச்சை என்றும், பழைய படம் இல்லாமல் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியாது என்றும் புகாரில் இருந்தது. அந்தப் படத்தைச் சேமித்தது நான். "கம்ப்யூட்டர ஒரு தடவ பாக்கணும் சார். நீங்களும் பக்கத்துலயே இருங்க" என்றேன்.

அதன் பிறகு எல்லோரும் சென்டருக்குப் போனோம். படங்கள் இருந்த ஃபோல்டர் காலியாகத்தான் தெரிந்தது. கட்டளை கொடுத்து டிஸ்குகளின் நிலவரத்தைப் பார்த்தேன். பழைய டிஸ்க் முன்போலவே நிரம்பியிருந்தது. அழித்திருந்தால் இடம் காலியாகியிருக்கும். அதே ஃபோல்டரில் புது டிஸ்க் ஒன்று மவுண்ட் செய்யப்பட்டிருந்தது. இடம் போதாமல் நேற்று அதை இணைத்ததாக மச்சான் சொன்னார். மவுண்ட் செய்வது என்றால் ஒரு டிஸ்கில் உள்ளதை ஒரு ஃபோல்டர் வழியாகத் திறந்து காட்டுவது. ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஃபோல்டரில் இன்னொரு டிஸ்கை மவுண்ட் செய்தால், பழையவை அழியாது, அடியில் மறைந்துவிடும். இதை விளக்கியதும் இன்ஸ்பெக்டர், "எழுதுன பலகை மேல இன்னொரு பலகைய சாத்துன மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு புது டிஸ்கை விடுவிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது பயன்பாட்டில் இருப்பதாகக் கணினி மறுத்தது. "ஃபோர்ஸ் பண்ணிடுங்க" என்றார் மச்சான். இன்று காலை எடுத்த படங்கள் அதில்தான் பதிவாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சேதம் வர நான் இடம் கொடுக்கவில்லை. பதிவு முடியும் வரை காத்திருந்து, மென்பொருளை மூடச் சொல்லி, மறுபடி கட்டளை கொடுத்தேன். ஒன்பது வருடப் படங்களும் வரிசையாக வந்தன. முதலில் அந்தப் பெண்ணின் படத்தைத் திறந்தேன். படத்தை வாங்க வந்து வாசலில் நின்றிருந்த அவருடைய தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு புது டிஸ்கை வேறொரு ஃபோல்டரில் மவுண்ட் செய்து கொடுத்தேன். டாக்டர், "மன்னிச்சிடும்மா, புகார வாபஸ் வாங்கிக்கறேன். திரும்ப வேலைக்கு வந்துடு" என்றார். "வாபஸ் வாங்கிக்கோங்க டாக்டர். நடந்தது எழுத்துல இருக்கட்டும். வேலைக்கு வர்றதா இல்ல" என்றேன்.

இதை எழுதிக்கொண்ட காவலர் 'படங்கள் பின்னர் கிடைத்தன' என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, 'நான் மீட்டுக் கொடுத்தேன்' என்று மாற்ற வைத்தேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. அந்தத் திருத்தத்தின் அருகிலும் இங்கேயும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)