கருவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ்

காபியை முதலில் குடித்துவிடுங்கள் அம்மா. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரி கேன்டீன் காபி ஆறினால் சிக்கரி மட்டும்தான் மிஞ்சும். விசாரணை எங்கும் ஓடிப்போகாது. நானும்தான்.

டாக்டர் விஸ்வநாதன். இருபத்தாறு வருஷமாக மகப்பேறு பார்க்கிறேன். நீங்கள் விசாரணை அதிகாரி, எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஜூனியர். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

மலர்க்கொடி முதல்முறை வந்தபோது பதினான்கு வாரம். பேராவூரணிப் பக்கம், தேங்காய் மட்டை மில்லில் வேலை. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள், உடம்பில் ரத்தம் ஆறு கிராம், இருக்க வேண்டியதில் பாதி. புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. ‘இதையும் பெத்து என்னால வளக்க முடியாது சார், கலைச்சு விட்டுருங்க’ என்றாள்.

நான் மறுக்கவில்லை. யாரையும் நான் மறுத்ததில்லை. புருஷன் கையெழுத்து வேண்டும் என்றேன்.

‘அவருதான் செத்துட்டாருங்களே.’

‘அப்போ இறப்புச் சான்றிதழ் கொண்டு வா.’

பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பது எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். அந்தச் சட்டத்தைப் பற்றி மூன்று தாலுகா டாக்டர்களுக்கு வகுப்பு எடுத்தவனே நான்தான். சால்வைகூடப் போட்டார்கள். ஆனால் சட்டத்தை டெல்லியில் எழுதுகிறார்கள். இங்கே வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். வாய்க்கால் கரையில் அரை மா கைமாறுவதற்கே பங்காளிகள் அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும். ஒரு வாரிசையே கரைப்பதற்கு மட்டை மில் பெண் ஒருத்தி தலையாட்டினால் போதுமா. எங்கள் வார்டுக்கு வருகிற பெண்கள் புருஷனையோ மாமனாரையோ கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். யாரும் சட்டம் பேசியதில்லை.

இரண்டு வாரம் கழித்து இறப்புச் சான்றிதழோடு வந்தாள். வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். நர்ஸ் பிரகதீஸ்வரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மலர்க்கொடி போனை எடுத்தாள். நாற்பது பேர் வரிசையில் நிற்க, நிதானமாகப் படித்தாள்.

‘சட்டத்துல என் சம்மதம் மட்டும் போதும்னு போட்டிருக்கு சார். நான் என்ன தென்னந்தோப்பு கிரயம் பண்ணவா வந்திருக்கேன், வாரிசு சர்ட்டிபிகேட்டு கேக்குறீங்க?’

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தான் சிரிக்கவில்லை என்று பிரகதீஸ்வரி சொல்கிறாள். அவள் மாஸ்க் குலுங்கியதை நான் பார்த்தேன்.

நான் கோபப்படவில்லை. ‘படிச்ச பொண்ணு, ரொம்ப சந்தோஷம். கொண்டு வந்துடும்மா’ என்றேன்.

கொண்டு வந்தாள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஆறு வாரம் அலைந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து காகிதத்தை மேஜையில் வைத்தாள். கர்ப்பமாக இருக்கும்போது புருஷனை இழந்தவளுக்கு இருபத்துநான்கு வாரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். கேட்பதற்கு என்னிடம் வேறு காகிதம் மிச்சமில்லை.

ஸ்கேனை நானே பார்த்தேன். மெஷின் இருபத்திரண்டு வாரம் என்று அச்சடித்தது. அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கிறது. நான் அதைக் கிழித்துப் போடவில்லை, அந்த நேர்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இருபத்தைந்து என்று எழுதினேன். ‘காலம் கடந்துபோச்சும்மா. முன்னாடியே வந்திருக்கணும்’ என்றேன்.

‘முன்னாடியேதான் சார் வந்தேன்’ என்றாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கோ மாத்திரை வாங்கி வீட்டிலேயே போட்டிருக்கிறாள். அந்த உடம்பில் சிந்துவதற்கு என்ன இருந்தது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினேன். சிகிச்சையில் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டாள். பெண்கள் இரண்டும் வராந்தாவில் உட்கார்ந்து யாரோ வாங்கிக் கொடுத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தன.

எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டை இருபத்தைந்து என்று தெரிந்தே எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. நான் திருப்பி அனுப்பினால் அவள் அடுத்து எங்கே போவாள், ஆறு கிராம் ரத்தத்தோடு போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுதும்போதே எனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவள் சட்டம் பேசாமல், கொஞ்சம் பணிவாகக் கேட்டிருந்தால் செய்துதான் கொடுத்திருப்பேன். என்னைப்போல இரக்கப்படுகிற டாக்டர் இந்த ஜில்லாவில் கிடையாது.