மாரியாயிக்கு ஒரு உத்தரவு

இல்லைங்க சார், காபி வேண்டாம். உங்க தாத்தாவுக்கு முசிறிப் பக்கம் நெலம் இருந்துச்சுல்ல, அந்தப் பண்ணையில ஆளா இருந்த அம்மாசியோட பேத்தி நான். ஆனந்தவள்ளி. காலேஜ்ல சரித்திரம் எடுக்கறேன். எங்க அம்மா மாரியாயிக்கு இந்த வீட்லேர்ந்து ஒரு வார்த்தை வேணுமாம். அதுக்குத்தான் வந்தேன்.

உதவியா? இல்லைங்க, உத்தரவு.

சிரிக்காதீங்க, எனக்கே சொல்றதுக்குக் கூச்சமாத்தான் இருக்கு. எங்க ஆளுங்க யாராவது செத்தா, பண்ணை வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்னு சொல்லணும். எடுத்துட்டுப் போங்கடான்னு உங்க தாத்தா சொல்லணும். அப்புறம்தான் பாடையைத் தூக்கலாம். உத்தரவு இல்லாமத் தூக்குனா அந்த உசுரு போகாது, வயல்லயே வேலை செஞ்சுட்டு நிக்கும்பாங்க.

அடிமைன்னு யாரும் கூப்பிடலதான். பண்ணையாள்னுதான் பேரு. நெலம் கைமாறுனா நாங்களும் கைமாறுவோம். ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்து மூணுலயே அடிமைமுறைய ஒழிச்சாச்சுன்னு வருசா வருசம் நான்தான் பாடம் நடத்தறேன். அந்தச் சட்டம் முசிறிக்கு எந்த பஸ்ல வந்து எறங்குச்சுன்னுதான் எங்க வீட்ல யாருக்கும் தெரியல.

பெருமாளுக்கு எல்லாரும் தாசன்தானா? இருக்கட்டும் சார். நீங்க அடியேன்னு சொல்லிச் சேவிச்சுட்டு வீட்டுக்கு வந்துடலாம். எங்க தாத்தா வீட்டுக்கு வரலையே.

வாய்க்கால்ல மடை கட்டிட்டிருந்தாரு, பாம்பு கடிச்சிருச்சு. அன்னிக்கு வைகுண்ட ஏகாதசி. உங்க தாத்தா சொர்க்கவாசல் சேவிக்க இந்தக் கோயில் வீதி வீட்டுக்கு வந்துட்டாரு. இந்த வீதிக்குள்ள வந்து கேக்க எங்க ஆளுங்களுக்குத் தைரியமில்ல. பொணத்தை வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தாங்க. தாங்காதுன்னு ஆனப்புறம், உத்தரவில்லாமயே பொதைச்சுட்டாங்க. அம்மா அப்ப சின்னப் பொண்ணு.

அதுலேர்ந்து தண்ணிச் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு அவங்க அப்பா தெரிவாரு. குழாயத் தொறந்தாப் போதும், அப்பாரு இன்னும் மடை கட்டுறாரு, மூடுடி மூடுன்னு அலறுவாங்க. நான் சத்தமில்லாமத் தண்ணி ஊத்திக் குளிச்சு வளந்தவ. எனக்கு இதுல நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா இப்ப வர்றப்பக் காவேரிப் பாலத்துல நான் கீழ குனிஞ்சு பாக்கல.

எனக்காவது உத்தரவு வாங்கிடும்மா, என்னையும் அந்த வயல்ல கொண்டு நிறுத்திடாதன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடியாதுன்னுட்டேன். படிச்சவ இல்லையா, போய்க் கேக்க ரோஷம்.

நீங்களே வந்து பாக்கறீங்களா? கைலாசபுரத்துல எங்க வீடு வரைக்கும் எதுக்குங்க. இந்த ஜன்னல்கிட்ட வந்தாப் போதும். அம்மா கீழ வேன்லதான் இருக்காங்க. விடிகாலையில போயிட்டாங்க. ஓயாமரி சுடுகாட்டுக்குப் போக வேண்டிய வண்டி, நான்தான் பாலத்தைத் தாண்டி இங்க விடச் சொன்னேன். கோயில் வீதின்னு தெரியும் சார், ஒரே நிமிஷம்.

எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிடுங்க. தாத்தாவுக்கும் சேத்தே சொல்லிடுங்க. கொஞ்சம் சத்தமா... கடைசியில அம்மாவுக்குக் காது மந்தமாயிடுச்சு.